பாரம் தூக்கியவர் பதில்கள்: குதிரைகள் ஓடிய சதுக்கம்

(டிசம்பர் விடுமுறையில் பாதிச் சிங்கப்பூர் துருக்கிக்குப் போய் வந்துவிட்டது போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைப் பற்றியவை. மூட்டுவலி மருந்து கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஒன்பது நாள் சுற்றுலாவில் இஸ்தான்புல்லின் ‘ஹிப்போட்ரோம்’ என்ற இடத்தில் இருபது நிமிடம் இறக்கிவிட்டார்கள். நீளமான நடைபாதை, மூன்று தூண்கள், வறுத்த செஸ்நட் விற்கும் வண்டி, அவ்வளவுதான். “இதுக்காம்மா வந்தோம்?” என்றான் என் மகன். அவனுக்கு என்ன சொல்வது?
– ஈசூன் வாசகி

மகனைத் திட்டாதீர்கள் அம்மா. என் மனைவியோடு அங்கே போய் நின்றபோது நானும் அதையேதான் கேட்டேன். வழிகாட்டி குடையை நீட்டி உச்சியைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் அடியைப் பார்த்தேன். கப்பல் பட்டறையில் 31 வருடம் பாரம் தூக்கும் வேலைக்கு மேற்பார்வையாளராக இருந்தவன் நான். எந்தப் பாரத்தைப் பார்த்தாலும் அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் கண் முதலில் போகும்.

அந்தத் தூண்கள் ஒவ்வொன்றும் கம்பி வேலி போட்ட ஒரு குழிக்குள் நிற்பதைக் கவனித்தீர்களா? தூண் இறங்கவில்லை, ஊர் ஏறியிருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் வருடத்து மண்ணும் இடிபாடும் சேர்ந்து தரை சில மீட்டர் உயர்ந்துவிட்டது. குதிரைகள் ஓடிய பழைய தரை குழியின் அடியில் கிடக்கிறது. மகனிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

அது தேர்ப் பந்தயத் திடல். ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. பிறகு கான்ஸ்டன்டைன் தம் புதிய தலைநகருக்காக அதைப் பெரிதாக்கினார். 330ல் அந்த நகரம் திறப்பு விழாக் கண்டது. திடலின் நீளம் ஏறத்தாழ 450 மீட்டர், அதாவது நான்கு காற்பந்துத் திடல்களை வரிசையாகப் போட்டதுபோல. நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு மேடை, அதைச் சுற்றி ஏழு சுற்று ஓட்டம். அந்த மேடைமேல்தான் தூண்களும் சிலைகளும் நின்றன. மூன்று தூண்களும் ஏன் ஒரே கோட்டில் இருக்கின்றன என்று உங்கள் மகன் கேட்டிருந்தால் விடை அதுதான். துருக்கியர்கள் அதற்கு வைத்த பெயர் ‘அட் மெய்தானி’, குதிரைத் திடல். ‘மெய்தான்’ வேறு யாருமல்ல, நம் மைதானம்தான்.

மறுமுறை போனால் தெற்குக் கோடிக்கு நடந்து சரிவில் இறங்குங்கள். பார்வையாளர் படிகளைத் தாங்கிய வளைந்த பெரும் சுவர் இன்னும் அங்கே நிற்கிறது. எங்கள் பேருந்தும் அந்தப் பக்கம் போகவில்லை. தரைவிரிப்புக் கடைக்குப் போக மட்டும் நேரம் இருந்தது.

துருக்கியில் எகிப்துத் தூண் எப்படி? இயந்திரம் இல்லாத காலத்தில் அதை எப்படித் தூக்கி நிறுத்தினார்கள்?
– பொங்கோல் வாசகர்

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த மாதம் பேனாவையே எடுத்தேன் தம்பி.

அந்தக் கல் அஸ்வானின் சிவப்புக் கிரானைட். மூன்றாம் துட்மோஸ் என்ற எகிப்திய மன்னர் கி.மு. 15ஆம் நூற்றாண்டில் கர்நாக் கோயிலில் நிறுத்தியது. யூப்ரடீஸ் ஆற்றைக் கடந்து போர் செய்த பெருமையை அதில் எழுதி வைத்தார். நான்காம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்டியஸ் காலத்தில் அதை நைல் வழியாக அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கர்நாக்கின் இன்னொரு தூண் 357ல் ரோமில் எழும்பிவிட்டது. இதுவோ துறைமுக நகரத்திலேயே படுத்துக் கிடந்தது. அடுத்து வந்த ஜூலியன், ‘அதை அனுப்பி வையுங்கள்’ என்று அலெக்சாந்திரியாக்காரர்களுக்குக் கடிதமே எழுதினார். கடைசியில் 390ல் முதலாம் தியோடோசியஸ்தான் நிறுத்தினார். பெரிய சரக்கு கரையில் வருடக்கணக்கில் காத்துக் கிடப்பதை நானும் பார்த்திருக்கிறேன், ஆனால் இது முப்பது வருடத்துக்கு மேல்!

இப்போது நிற்பது முழுத்தூண் அல்ல. உயரம் 20 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அடிப்பாகம் போய்விட்டது. கீழ் ஓரத்தில் சித்திர எழுத்துகள் பாதியில் வெட்டுப்பட்டு நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்படியும் எடை நூறு டன்னுக்கு மேல் என்று அடித்துச் சொல்வேன்.

எப்படித் தூக்கினார்கள் என்பதை அவர்களே பீடத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கீழ்ப்பாகத்தின் ஒரு பக்கத்தில், ஆட்கள் தடிகளைத் தள்ளி உருளைகளைச் சுற்றுகிறார்கள், கயிறு சுருள்கிறது, தூண் அசைகிறது. நங்கூரச் சங்கிலி இழுக்கும் கேப்ஸ்டனைப் பார்த்த யாருக்கும் அது புரியும். நான் அந்தப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. என் மனைவி தனியாகப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தாள்.

இன்னொன்று: தூண் பீடத்தில் நேரடியாக உட்காரவில்லை. நான்கு மூலையிலும் நான்கு வெண்கலக் கட்டைகள். குனிந்து பார்த்தால் நடுவில் மறுபக்கத்து வெளிச்சம் தெரிகிறது. பாரத்துக்கு அடியில் பேக்கிங் கட்டை கொடுப்பது என்று நாங்கள் சொல்வோமே, அதேதான். 1,600 வருடத்துக்கு மேலாக நூல் பிசகாமல் தாங்குகிறது, அதுவும் நிலநடுக்கம் வரும் ஊரில்.

பீடத்தின் இருபுறமும் எழுத்து உண்டு. லத்தீன் பக்கத்தில் கல்லே தன்வாயால் பேசுகிறது: பணிய மறுத்த என்னை முப்பது நாளில் நிமிர்த்திவிட்டார்கள் என்று. எதிர்ப்பக்கத்துக் கிரேக்கமோ முப்பத்திரண்டு நாள் என்கிறது. இரண்டும் செய்யுள் என்பதால், தளை தட்டாமல் இருக்க எண்ணை நகர்த்தியிருக்கலாம் என்று சொல்வார்கள். எனக்கு வேறு சந்தேகம். எங்கள் பட்டறையிலும் குத்தகைக்காரர் எழுதிய நாள் கணக்கும் நாங்கள் எழுதிய நாள் கணக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

வேலையை நடத்திய நகர அதிபர் புரோக்லஸ் பெயரையும் அதில் தேடுங்கள். அவர் அரசியலில் வீழ்ந்து கொல்லப்பட்டதும் பெயரைக் கொத்தி எடுத்தார்கள். காற்று மாறியதும் அதே இடத்தில் திரும்பச் செதுக்கினார்கள். மேலே பேரரசர் வெற்றி மாலையோடு நிற்கும் சிற்பம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் எந்தக் கயிற்றையும் இழுக்கவில்லை.

முறுக்கிய கயிறு மாதிரி ஒரு பச்சைத் தூண் இருக்கிறதே, அது உடைந்த குழாயா?
– தெம்பனிஸ் மாணவி

குழாய் இல்லை தங்கச்சி, மூன்று பாம்புகள்! ஒன்றோடொன்று பின்னிய வெண்கலம். அந்தச் சதுக்கத்திலேயே அதிகக் கதை உள்ளது அதில்தான். கி.மு. 479ல் பிளாட்டியாவில் பாரசீகப் படையைக் கிரேக்க நகரங்கள் சேர்ந்து வென்றன. அந்த வெற்றிக்காக டெல்ஃபி கோயிலில் வைத்த காணிக்கை அது. பாம்புத் தலைகளுக்கு மேலே ஒரு பொன் முக்காலி இருந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு போர்ச் செலவுக்காக அதை உருக்கிவிட்டார்கள். மிச்சமிருந்ததைக் கான்ஸ்டன்டைன் தம் நகரத்துக்குக் கொண்டுவந்தார்.

இங்கேயும் ஒரு பெயர்ச் சண்டை. ஸ்பார்ட்டாவின் தளபதி பவுசானியாஸ், வெற்றி தன்னுடையது என்பதுபோல் காணிக்கையில் தன் பெயரை எழுதிவிட்டார். ஸ்பார்ட்டாக்காரர்களே அதை அழித்து, போரில் நின்ற நகரங்களின் பெயர்களைப் பொறித்தார்கள். சுருள்களின் கீழ்ப்பகுதியில் 31 பெயர்கள்.

தலைகள் 1700 வாக்கில் போய்விட்டன. ஒன்றின் மேல்தாடை மட்டும், நடந்துபோகும் தூரத்தில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அங்கே ரசிகர் கலவரத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்களாமே? காற்பந்துச் சண்டை மாதிரியா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

ஆரம்பம் அப்படித்தான். நீலக் கட்சி, பச்சைக் கட்சி என்று தேர் அணிகளுக்கு ரசிகர் பட்டாளம். 532 ஜனவரியில் கலவரக்காரர் சிலரைத் தூக்கிலிட்டபோது தூக்குமரம் முறிந்து இருவர் பிழைத்தார்கள். ஒருவர் நீலம், மற்றவர் பச்சை. இருவரையும் மன்னிக்கச் சொல்லி இரு கட்சியும் கைகோத்தது. அதோடு பேரரசர் ஜஸ்டினியனுக்குச் சனி பிடித்தது. ‘நிக்கா’, வெல்க, என்று கத்திக்கொண்டு நகரத்தைக் கொளுத்தினார்கள். முடிவில் படை திடலுக்குள் புகுந்தது. 30,000 பேருக்கு மேல் மாண்டதாக அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதுகிறார். எரிந்துபோன பழைய ஹாகியா சோபியா தேவாலயத்தின் இடத்தில்தான் இப்போது நீங்கள் வாய்பிளந்து பார்க்கும் கட்டடம் 537ல் எழுந்தது.

ஜஸ்டினியனின் மனைவி, அரசி தியோடோராவின் தந்தை இதே திடலில் பச்சைக் கட்சிக்குக் கரடி வளர்த்தவர். அவர் இறந்தபின் குடும்பத்தைப் பச்சை கைவிட்டது, நீலம் வேலை கொடுத்தது. அதைத் தியோடோரா மறந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

சதுக்கத்தின் குமிழ்க் கூரை நீரூற்றும், சொரசொரப்பான உயரத் தூணும் பார்க்கத் தகுந்தவையா?
– சுவா சூ காங் வாசகர்

நீரூற்று ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் அன்பளிப்பு. ஜெர்மனியில் செய்து, துண்டுகளாகக் கொண்டுவந்து பூட்டி, 1901ல் திறந்தார்கள். நிழலில் நின்று உள்கூரையின் பொன் மொசைக்கைப் பாருங்கள், போதும்.

மற்றது கற்களை அடுக்கிக் கட்டிய தூண், 32 மீட்டர். ஒரு காலத்தில் முலாம் பூசிய வெண்கலத் தகடு போர்த்தியிருந்தது. 1204ல் சிலுவைப் போர்வீரர்கள் நகரத்தைச் சூறையாடியபோது அதை உரித்தார்கள். திடலில் நின்ற நான்கு வெண்கலக் குதிரைகளும் அப்போதுதான் வெனிஸ் போயின. 1797ல் நெப்போலியன் அவற்றைப் பாரிஸுக்குத் தூக்கிப் போக, 1815ல் திரும்ப வெனிஸ். இஸ்தான்புல்லுக்குத் திருப்பிக் கொடுக்கும் யோசனை மட்டும் யாருக்கும் வரவில்லை.

நம் ஊரில் இப்படி ஏதாவது உண்டா?
– அங் மோ கியோ வாசகி

பழமையில் போட்டி போட முடியாது. ஆனால் இடம் மாற்றுவதில் நாம் சளைத்தவர்கள் இல்லை. 1887ல் பாடாங் திடலில் நிறுத்திய ராஃபிள்ஸ் சிலை 1919ல் எம்பிரஸ் பிளேசுக்குப் போனது. டான் கிம் செங் நீரூற்று 1925ல் எஸ்பிளனேடு பூங்காவுக்கு வந்தது.

எம்பிரஸ் பிளேசில் எகிப்துப் பாணியில் ஒரு கூர்தூணும் உண்டு. 1850ல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி வந்துபோனதன் நினைவாக எழுந்தது. வடிவமைத்தவர் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய ஜான் டர்ன்புல் தாம்சன். அதுவும் இடம் மாறியதுதான். ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்திலிருந்து பாலத்தைக் கடந்தால் வந்துவிடும். அதன் அடியைச் சுற்றி வாருங்கள். ஆங்கிலம், சீனம், ஜாவி (அரபு எழுத்தில் மலாய்), தமிழ் என்று நான்கு மொழியிலும் எழுதியிருக்கிறது. போன ஜூன் விடுமுறையில் தமிழ்ப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லி என் பேத்தியை அழைத்துப் போனேன். இரண்டு வரி படித்தாள். “தாத்தா, இது நிஜமாவே தமிழ்தானா?” என்றாள்.