தெரபி ரூம்ல தொற்று பயம்: இந்த தடவ வந்த கேள்விகள்

கே: டிபி பேஷண்டுக்கு செஸ்ட் பிசியோ (நெஞ்சு சளிய வெளிய கொண்டு வர்ற பயிற்சி) குடுக்கணும், ரெண்டு சர்ஜிகல் மாஸ்க் போட்டா போதுமா?

பத்து போட்டாலும் பத்தாது, சைடு வழியா காத்து உள்ள வரத்தான் செய்யும். என்95 போட்டு மூக்குக் கம்பிய அழுத்தி, ஊதிப் பாத்து லீக் செக் பண்ணுங்க. தாடி இருந்தா சீல் ஆகாது, கோவிச்சுக்காதீங்க. அப்புறம் இரும வைக்கிற வேலைய காத்தோட்டமான தனி ரூம்ல வைங்க, ஜிம்ல நாலு பேர் நடுவுல வேணாம்.

கே: ஊசி குத்திடுச்சு, என்ன பண்ண?

எப்ப குத்துச்சு, யாருக்குப் போட்ட ஊசி, ஹெப்-பி (ஹெபடைடிஸ் பி, கல்லீரல் தொற்று) தடுப்பூசி போட்டிருக்கீங்களா, எதுவுமே எழுதல! இதுக்கெல்லாம் கேள்வி அனுப்பிட்டு உக்காந்திருக்கலாமா? சோப்பு தண்ணில கழுவுங்க, பிதுக்காதீங்க, நேரா கேஷுவாலிட்டிக்குப் போங்க. எச்ஐவி தொத்தாம தடுக்கிற பிஇபி மாத்திரைய எவ்ளோ சீக்கிரம் முடியுமோ அவ்ளோ சீக்கிரம் ஆரம்பிக்கணும், 72 மணி நேரம் தான் கெடு, 28 நாள் சாப்பிடணும். எல்லாரும் எச்ஐவிய நெனச்சே நடுங்குறீங்க, எச்ஐவி இருக்கவருக்குப் போட்ட ஊசி குத்தினா அது ஆயிரத்துல மூணு பேருக்கு வரும், ஹெப்-பி இருக்கவரோட ஊசின்னா தடுப்பூசி போடாதவங்களுக்கு நூத்துல முப்பது வரைக்கும் போகும்.

கே: கெய்ட் பெல்ட்ட (பேஷண்ட்ட பிடிச்சு நடக்க வைக்க இடுப்புல கட்டுற பெல்ட்) வாரம் ஒருதடவ துவைச்சா போதுமா?

வாரமா! நீங்களாவது துவைக்கிறீங்க. நான் பாத்த பல டிபார்ட்மென்ட்ல அது ஆணில தொங்கும், இல்லன்னா தெரபிஸ்ட் தோள்ல துண்டு மாதிரி கெடக்கும், பெட்சோர் இருக்கவர் இடுப்புல கட்டினத கழட்டி அப்படியே அடுத்த ஆபரேஷன் கேஸுக்கு கட்டுவாங்க, ஆனா கையில மட்டும் பளிச்சுன்னு க்ளவுஸ். எம்ஆர்எஸ்ஏ, அதான் பல ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத பாக்டீரியா, காஞ்ச துணியிலயும் வாரக்கணக்குல உயிரோட இருக்கும். துணி பெல்ட்டுன்னா ஒரு பேஷண்டுக்கு ஒண்ணு, டிஸ்சார்ஜ் ஆனதும் லாண்டரிக்கு. எல்லாருக்கும் ஒரே பெல்ட்டுதான்னா துடைக்கிற மாதிரி வினைல் வாங்குங்க, ஒவ்வொருத்தருக்கு அப்புறமும் துடைங்க, டிஸின்ஃபெக்டன்ட் டப்பால எழுதியிருக்க நிமிஷம் வரைக்கும் ஈரமா இருக்கணும், தடவின உடனே டிஷ்யூவால ஒத்தி எடுத்தா தண்டம். அல்ட்ராசவுண்ட் ஜெல் பாட்டில்லயும் இதே கூத்துதான், காலியான பாட்டில்ல பெரிய கேன்லேருந்து ஊத்தி ஊத்தி ரொப்புறது. ஜெல்லுல பர்க்கோல்டேரியாங்கிற பாக்டீரியா வளந்து பேஷண்ட்டுங்களுக்குப் பரவின கதையெல்லாம் இருக்கு. திரும்பவும் சொல்றேன், க்ளவுஸ் போட்டாலும் கழட்டினதும் கை கழுவணும்.

கே: சி-டிஃப் (வயித்துப்போக்கு உண்டாக்குற குடல் பாக்டீரியா) பேஷண்ட்ட தொட்டுட்டு சானிடைசர் போட்டா சரியா?

அந்த பாக்டீரியாவோட ஸ்போர் (கெட்டி ஓடு போட்ட விதை மாதிரி) சானிடைசர்ல இருக்க ஆல்கஹாலுக்கு சாகாது. க்ளவுஸ், கவுன், அப்புறம் சோப்பும் தண்ணியும்.

கே: ஸ்கேபிஸ் (சிரங்கு) பேஷண்ட்ட தூக்கி நிக்க வச்சேன். ரெண்டு நாளாச்சு, அரிப்பு இல்ல, தப்பிச்சேனா?

அதுக்குள்ள தெரியாது. முதல் தடவ வந்தா அரிப்பு தெரியவே ரெண்டுலேருந்து ஆறு வாரம் ஆகும், அதுக்குள்ள நீங்களே நாலு பேருக்கு குடுத்துடலாம். இன்னைக்கே ஸ்டாஃப் கிளினிக்ல சொல்லுங்க, பெர்மெத்ரின் க்ரீம் வேணுமான்னு அவங்க பாப்பாங்க.