பத்தாவது படிக்கும் மகன் பையில் கூல் லிப்: பள்ளியை மாற்றலாமா?

இப்போது மாற்றாதீர்கள் அண்ணே. திருமங்கலத்திலிருந்து மதுரைக்குள் சேர்த்தாலும் உதட்டுக்குள் வைக்கும் அதே கூல் லிப் புகையிலைப் பாக்கெட் அங்கேயும் கிடைக்கும், பத்தாவது நடுவில், இருக்கிற நல்ல சேக்காளிகளும் போய்விடுவார்கள்.

"கூட இருக்கிறவங்க கொடுத்தாங்க, மறுக்க முடியல" என்று அவன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் சாக்கு என்று தள்ளாதீர்கள், பெரும்பாலும் உண்மைதான்; இந்த வயதில் வாய்ப் புற்றுநோயைவிடக் கூட்டத்தில் ஒதுக்கப்படுவதுதான் பெரிய பயம். அதனால் பழியை உங்கள் மேல் போடச் சொல்லிக்கொடுங்கள்: "எங்கப்பா தினமும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார்டா." அப்புறம் நிஜமாகவே பாருங்கள்.

பள்ளி இல்லாத ஞாயிற்றுக்கிழமை அவனைக் கவனியுங்கள். தனியாக இருக்கும்போதும் வைக்கிறான், கிடைக்காவிட்டால் எரிந்து விழுகிறான் என்றால் புகையிலையில் இருக்கும் நிகோடினுக்கு அடிமையாகிவிட்டான் என்று அர்த்தம், திட்டி நிறுத்த முடியாது. 1800 112 356 புகையிலை நிறுத்த உதவும் இலவச எண், அதில் பேசுங்கள். இல்லையென்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். நிறுத்திய முதல் சில நாட்கள்தான் ரொம்பக் கஷ்டம், அப்போது சிடுசிடுத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைமை ஆசிரியரிடம் இதை விற்கிற கடையைச் சொல்லுங்கள், பையன்கள் பெயரை வேண்டாம். 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்குப் புகையிலை விற்பதே குற்றம்.

ஒன்று மட்டும்: நிகோடின் சூயிங்கம் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், டாக்டர் சொன்னால் மட்டும். உதட்டின் உள்பக்கம் வெள்ளைத் திட்டோ புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.