சுவிட்டர் என்பவர் யார்?

கேள்வி: அமினோ அமிலங்கள் பாடத்தில் 'சுவிட்டர் அயனி' என்று வருகிறது. சுவிட்டர் என்பவர் கண்டுபிடித்ததா? அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது?
– பிளஸ் டூ மாணவி, தேனி

பதில்: அப்படி ஒரு விஞ்ஞானி இல்லை அம்மா. பன்சன் அடுப்பு, டேனியல் மின்கலம் என்று ஆள் பெயர்களாகவே படித்துவிட்டு வருவதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். நான் பாடம் நடத்திய முப்பது வருடத்தில் அநேகமாக எல்லா பேட்சிலும் யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள். அதனாலேயே இந்தச் சொல்லின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

இது ஜெர்மன் சொல். 'ட்ஸ்விட்டர்' என்றால் இரண்டு இனம் கலந்து பிறந்தது, ஆண், பெண் என்ற இரண்டு தன்மையும் ஓருடலில் கொண்டது என்று பொருள். (மனிதர்களை அப்படிச் சொல்வது இன்று அங்கே வசை.) தொடக்கத்தில் இருக்கும் 'ட்ஸ்வி'தான் இரண்டைக் குறிக்கிறது. இரட்டையரில் ஒருவர் 'ட்ஸ்விலிங்'. நம் ரஸ்க் மாதிரி இரண்டு முறை சுட்ட ரொட்டி 'ட்ஸ்வீபாக்'. பின்பாதியான அயனி, அதாவது மின்சுமை கொண்ட துகள், கிரேக்கம். 'போவது' என்று அர்த்தம். மின்சாரம் பாயும்போது மின்முனையை நோக்கிப் போவதால் 1834-இல் ஃபாரடே அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

இரண்டையும் 1897-இல் ஒட்டவைத்தவர் கியூஸ்டர் என்ற ஜெர்மன் வேதியியலர். அப்போது அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது அமினோ அமிலத்தை அல்ல. நீங்கள் லேபில் டைட்ரேஷனுக்குச் சொட்டுச் சொட்டாக விடுகிறீர்களே, நிறம் மாறிக் காட்டும் அந்த மெத்தில் ஆரஞ்சை! அமினோ அமிலங்களுக்கு இந்தப் பெயர் பொருந்தும் என்பதை 1923-இல் டென்மார்க் வேதியியலர் பியெரம் உறுதிப்படுத்தினார்.

பொருத்தம் என்றால் அப்படியொரு பொருத்தம். அமினோ அமிலங்களில் எளிதான கிளைசினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கார்பாக்சில் தொகுதி ஒரு புரோட்டானை விட்டுவிட்டு எதிர்மின்சுமை பெறுகிறது. அமினோ தொகுதி ஒரு புரோட்டானை ஏற்று நேர்மின்சுமை பெறுகிறது. கூட்டிப் பார்த்தால் பூஜ்யம், ஆனால் இரண்டு சுமையும் ஒரே மூலக்கூறில் அப்படியே இருக்கின்றன. அதனால் கிளைசின் ஏறக்குறைய உப்பு மாதிரி நடந்துகொள்கிறது. அமினோ தொகுதி இல்லாத அசிட்டிக் அமிலம் 17 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடும். கிளைசினோ 230 டிகிரி வரை அசையாமல் இருந்து, அதற்கு மேல் சிதைந்துபோகும். நீரில் நன்றாகக் கரையும், ஈதரில் கரையாது.

சரி, உச்சரிப்பு. ஜெர்மானியர்கள் 'ட்ஸ்விட்டர்-இயோன்' என்பார்கள். தேர்வில் நீங்கள் புத்தகத்தில் உள்ளபடி சுவிட்டர் அயனி என்றே எழுதுங்கள். பக்கத்தில் நேர், எதிர் இரண்டு சுமைகளையும் காட்டி கிளைசினின் படத்தையும் போட்டுவிடுங்கள்.