காசு வாங்காம ஃபேன் கேம் (ஏற்கனவே இருக்கற கேமை வச்சு ரசிகர்கள் பண்ற கேம்) பண்ணா சட்டப்படி தப்பா?

இலவசமா தானே குடுக்கறோம்னு நிறைய பேர் நினைக்கறாங்க, ஆனா காசு வாங்கலைங்கறது மட்டும் காப்பாத்தாது. கேரக்டர், மியூசிக், கதை எல்லாமே காப்பிரைட்ல வரும், அதை வச்சு புதுசா ஒண்ணு பண்ற உரிமையும் ஓனருக்குத்தான், பேரும் லோகோவும் தனியா டிரேட்மார்க். அமெரிக்காவுல ஃபேர் யூஸானு, அதாவது அனுமதி இல்லாமலே பயன்படுத்த சட்டம் விடற விதிவிலக்கானு, பாக்கறப்போ கூட லாப நோக்கம் இல்லைங்கறதை ஒரு அம்சமா எடுத்துப்பாங்க, அவ்வளவுதான். 2016 ஆகஸ்ட்ல வந்த போக்கிமான் யுரேனியம்ங்கற ஃபேன் கேம் இலவசம்தான், பல வருஷ உழைப்பு, போக்கிமான் கேம்களை வெளியிடற நின்டெண்டோ தரப்பு வக்கீல் நோட்டீஸ் வந்ததும் டவுன்லோட் லிங்கை எடுத்துட்டாங்க, எனக்கு இன்னமும் மனசு ஆறல. சோனிக் கேம்களோட ஓனர் செகா வேற மாதிரி, ரசிகர்களையே கூப்பிட்டு 2017ல சோனிக் மேனியா பண்ண வச்சாங்க, ஆனா அது அவங்க விருப்பம், நம்ம உரிமை இல்ல. கேம்பிளே ஐடியாவுக்கு காப்பிரைட் கிடையாது, அதனால கேரக்டர், பேரு, மேப் எல்லாத்தையும் சொந்தமா போட்டுப் பண்ணுங்க, அப்ப தைரியமா விக்கவும் செய்யலாம்.