வேலை கூடுகிறது, சம்பளம் குறைகிறது: எதை முதலில் பேசுவது?

கேள்வி: பதினான்கு பேர் இருந்த சிறிய இயந்திர வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாகப் பொறியாளராக இருக்கிறேன். நால்வர் விலகிய பிறகு புதிதாக யாரையும் எடுக்கவில்லை. வாரம் 45 மணி நேரமாக இருந்த வேலை 60 ஆகிவிட்டது. இப்போது, தொழில் மந்தம் என்று சொல்லி, சம்பளத்திலும் 10 சதவீதம் குறைக்கப்போவதாக உரிமையாளர் கூறுகிறார். சம்மதிப்பதா, விலகுவதா?

பதில்: உங்கள் இழப்பு 10 சதவீதம் அன்று. பழைய சம்பளத்துக்கே 60 மணி நேரம் உழைக்கத் தொடங்கியபோது உங்கள் ஒரு மணி நேரத்தின் மதிப்பு 25 சதவீதம் இறங்கிவிட்டது. அதன்மேல் இந்தக் குறைப்பும் சேர்ந்தால் மொத்த இறக்கம் 32.5 சதவீதம். உரிமையாளர் சொல்லும் பத்து பொய்யல்ல. அது அவருடைய பக்கத்துக் கணக்கு.

மந்தம் என்றால் வேலை குறைய வேண்டுமே, ஏன் கூடுகிறது? ஆள் குறைந்தது ஒரு காரணம். ஆனால் சிறிய நிறுவனங்களில் நான் அதிகம் சந்தேகிப்பது வேறொன்றை: வாடிக்கையாளர் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று மொத்த விலையைக் குறைத்து ஒப்புக்கொண்டு, பிறகு அவர் கேட்கும் ஒவ்வொரு வரைபட மாற்றத்தையும் கட்டணமின்றிச் செய்துகொடுப்பது. அப்போது உழைக்கும் மணிகள் பெருகும், பில் தொகை மட்டும் அசையாது. அந்தத் தொகையும் அறுபது, தொண்ணூறு நாள் கழித்து வரும்போது, மாதந்தோறும் சம்பளம் கொடுக்க வேண்டியவரின் கை உண்மையாகவே வறண்டுபோகும்.

எனவே கடந்த மூன்று மாத வேலைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் விலை சொன்னபோது மதிப்பிட்ட மணிகள், உண்மையில் செலவான மணிகள், அவற்றில் வாடிக்கையாளரின் மாற்றங்களுக்காகப் போனவை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு உரிமையாளரிடம் பேசுங்கள். சம்பளத்தைப் பற்றி வாதாடுவதைவிட, பணம் ஒழுகும் இடத்தைக் காட்டுவதற்கு அவர் அதிகம் செவிகொடுப்பார்.

நீண்ட நேர வேலை நிறுவனத்துக்கும் லாபமில்லை. முதல் உலகப் போர்க்கால பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிலாளர்களைப் பற்றிய பதிவுகளைப் பொருளியலாளர் ஜான் பென்கேவல் 2014-இல் ஆராய்ந்தபோது, வாரம் ஏறக்குறைய 50 மணி நேரத்தைத் தாண்டிய பின் கூடுதல் மணிகள் தந்த விளைச்சல் குறைந்துகொண்டே போனது தெரிந்தது. வடிவமைப்பில் நிலைமை இன்னும் மோசம். களைப்பில் தவறாகக் குறித்த ஓர் அளவு, பட்டறையில் உலோகம் வெட்டப்பட்ட பிறகுதான் கண்ணில் படும்.

குறைப்பு தவிர்க்க முடியாதது என்றால், அது குறைப்பா, பின்னால் தர வேண்டிய பாக்கியா என்பதையும், எந்தத் தேதியில் மீண்டும் பரிசீலிக்கப்படும் என்பதையும், வார வேலை நேரத்தின் உச்ச வரம்பையும் எழுத்தில் கேளுங்கள். கூடுதல் மணிகளுக்கு உரியதைப் பணமாகத் தர இயலாவிட்டால், அதற்கு ஈடான விடுப்பாகத் தரலாம். கூடுதல் நேர ஊதியம் உங்கள் பதவிக்குப் பொருந்துமா என்பது நாட்டுக்கு நாடு மாறுவதால், பணி ஒப்பந்தத்தையும் சட்டத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதித் தர அவர் மறுத்தாலோ, சம்பளத்தில் பிடித்த வரி உரிய கணக்கில் சேராமல் இருந்தாலோ, பேச்சை நீட்டாமல் வேறு வேலை தேடத் தொடங்குங்கள். ஆனால் அது கைக்கு வரும்வரை ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டாம்.