பொங்கல் விடுமுறையில் அயுத்தயா: ஏஜென்ட் கேட்கும் 18,000 ரூபாயைக் கொடுக்கலாமா?

கேள்வி: பொங்கலை ஒட்டிய நான்கு நாள் விடுமுறையில் அப்பா (67), அம்மா (62), கணவர், நான் என நால்வரும் தாய்லாந்தின் அயுத்தயாவில் புத்தர் கோயில்களைப் பார்க்க நினைக்கிறோம். டிராவல்ஸ்காரர் விமான டிக்கெட், ஹோட்டல் போக, விசா, வருகை அட்டை, ‘கோயில் அனுமதி’ என்று நான்கு பேருக்கும் சேர்த்து 18,000 ரூபாய் தனியாகக் கேட்கிறார். பாங்காக்கில் மூன்று இரவு தங்கல், அதில் ஒரு பகல் மட்டும் அயுத்தயா என்பது அவர் போட்ட திட்டம். அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். அப்பாவின் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது, அதனால் சிக்கல் வரும் என்கிறார். என்ன செய்யலாம்? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்:

அந்த 18,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். திட்டத்தையும் மாற்றச் சொல்லுங்கள். மறுத்தால் ஆளை மாற்றுங்கள்.

முதலில் ‘கோயில் அனுமதி’. அப்படி ஒன்று கிடையவே கிடையாது. அயுத்தயாவில் இருப்பவை இரண்டு வகைக் கோயில்கள். 1767-ல் பர்மியப் படை நகரத்தை எரித்த பிறகு இடிபாடாக நிற்பவை ஒரு வகை. இவற்றைத் தாய்லாந்தின் நுண்கலைத் துறை பராமரிக்கிறது, வாசலில் டிக்கெட் கொடுப்பார்கள். பிக்குகள் வாழ்ந்து வழிபாடு நடக்கும் கோயில்கள் இன்னொரு வகை. அவற்றில் சிலவற்றில் சிறு கட்டணம், சிலவற்றில் உண்டியல் மட்டும். இடிபாடுகளில் முக்கியமான ஆறு இடங்களுக்குச் சேர்த்து ஒரே டிக்கெட்டும் உண்டு. முதல் கோயில் வாசலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். விலையை அங்குள்ள பலகையில் பாருங்கள். வெளிநாட்டவருக்கு உள்ளூர்க்காரர்களைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், அதில் ஏமாற்று இல்லை.

அடுத்து விசா. 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுத்தார்கள். முதலில் 30 நாள், பிறகு 2024 ஜூலையில் 60 நாள் என்றார்கள். இந்த விதியை அவர்கள் மாற்றிக்கொண்டே இருப்பது எனக்கே அலுத்துவிட்டது. போன மாதம் ஒருவருக்குச் சொன்னதை இந்த மாதம் இன்னொருவருக்கு அப்படியே சொல்ல முடிவதில்லை. அதனால் டிக்கெட் போடும் நாளன்று தாய்லாந்துத் தூதரகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். விலக்கு நடப்பில் இருந்தால் நான்கு நாள் பயணத்துக்கு ‘விசா கட்டணம்’ என்று எவரும் வாங்க முடியாது. விசா வேண்டுமென்று ஆகிவிட்டாலும் அரசின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் முன்பதிவு இரண்டையும் அச்செடுத்துக் கையில் வையுங்கள்.

பெரிய ஏமாற்று நடப்பது வருகை அட்டையில். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லோரும் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இது முற்றிலும் இலவசம். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட் எண், விமான எண், தங்கும் முகவரி போன்ற விவரங்களைத்தான் கேட்பார்கள். பத்து நிமிட வேலை. நிரப்பியதும் மின்னஞ்சலுக்கு ஒரு க்யூஆர் கோடு வரும். ஆனால் தேடுபொறியில் தேடினால் முதலில் வந்து நிற்பது விளம்பரம் கொடுத்த போலித் தளங்கள். அரசு முத்திரை மாதிரி ஒன்றைப் போட்டு, கடைசிப் பக்கத்தில் கார்டு எண் கேட்பார்கள். பணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை. முகவரி ஜி, ஓ, புள்ளி, டி, ஹெச் என்று முடிகிறதா பாருங்கள். இலவசமான ஒரு படிவத்துக்குப் பணம் பறிப்பவர்களை விளம்பரப் பட்டியலிலிருந்து தேடுபொறிக்காரர்கள் ஏன் தூக்க மாட்டேன் என்கிறார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நம் ஏஜென்ட்களில் பலர் செய்வது இதையேதான். நீங்கள் தூங்கும்போது அவர்கள் அலுவலகத்துப் பையன் பத்து நிமிடம் தட்டச்சு செய்வதற்கு ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரம்.

அப்பாவின் ஒற்றைப் பெயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மூர்க்காரர்களை இதை வைத்துத்தான் அதிகம் பயமுறுத்துகிறார்கள். நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட் படிவம் நம்மை நினைத்து அமைத்தது அல்ல. அதனால் குடும்பப்பெயர் கட்டத்தை வெற்றாக விட்டு, பெயர்க் கட்டத்தில் மட்டும் எழுதிய பாஸ்போர்ட்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள சுற்றுலாப் பயணிகளை அனுமதிக்க மாட்டோம் என்றது. அந்தச் செய்தியைக் காட்டித்தான் தாய்லாந்துக்கும் ‘சிறப்பு ஏற்பாடு’ என்று பணம் கேட்கிறார்கள். அது அமீரகத்தின் விதி. தாய்லாந்துக்குப் பொருந்தாது.

அப்பாவுக்கு உண்மையான ஆபத்து டிக்கெட்டில் இருக்கிறது. கடைசிப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால் கணினி நகராது. உடனே ஏஜென்ட் இனிஷியலை விரித்து உங்கள் தாத்தாவின் பெயரை அங்கே போட்டுவிடுவார். பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் அந்த இடத்தில் இல்லை. விமான நிலைய கவுன்ட்டரில் நிறுத்துவார்கள். பெயர் திருத்தக் கட்டணம், சில நேரம் புது டிக்கெட் என்று போகும். அதனால் முன்பதிவுக்கு முன் அந்த விமான நிறுவனத்தையே கேளுங்கள். ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள், அல்லது வேறு வழி சொல்வார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சொன்னதை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். வருகை அட்டையில் பெயர்க் கட்டத்தில் அப்பாவின் பெயர், குடும்பப்பெயர்க் கட்டத்தில் ஒரு சிறு கோடு, அவ்வளவு போதும். சந்தேகம் வந்தால் பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறது பாருங்கள், அவர்கள் கருவி படிப்பது அதைத்தான். அதில் இல்லாத எந்தப் பெயரையும் எங்கேயும் சேர்க்காதீர்கள்.

சரி, திட்டத்துக்கு வருவோம். பாங்காக்கில் தங்கி ஒரு பகலில் அயுத்தயா போய் வருவது, அம்மாவின் முழங்காலுக்குத் தண்டனை. வேன் கிளம்பி ஊர் தாண்டி, சுமார் 80 கிலோமீட்டர் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிடும். உச்சி வெயிலில் மூன்று கோயில், அவசரச் சாப்பாடு, திரும்பும் வழியில் ஒரு ரத்தினக் கடை. ஒருமுறை நான் அழைத்துப்போன குழுவை வேன் ஓட்டுநர் அப்படி ஒரு கடையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார். அன்று பார்க்க வேண்டிய கடைசிக் கோயில் போயே போச்சு. கடைக்குள் ஆள் நுழைந்தாலே ஓட்டுநருக்குக் கமிஷன். ஏஜென்ட் கொடுக்கும் நிகழ்ச்சி நிரலில் ‘ஷாப்பிங்’ என்ற சொல் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

இரண்டு இரவு அயுத்தயாவிலேயே தங்குங்கள். சென்னையிலிருந்து சுமார் மூன்றரை மணி நேரப் பயணம். முடிந்தால் டான் முவாங் விமான நிலையத்தில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். அது பாங்காக்கின் வடக்கே, அயுத்தயா போகும் ரயில் பாதையிலேயே இருக்கிறது; ரயில் நிலையம் எதிரிலேயே. பாங்காக்குக்குள் நுழையாமலே ஒரு மணி நேரத்தில் அயுத்தயா. மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒரு காப்பி விலைதான். படி ஏறுவது அம்மாவுக்குக் கஷ்டம் என்றால் நால்வரும் ஒரு டாக்ஸியில் போய்விடுங்கள். கடைசி இரவை மட்டும் பாங்காக்கில் வைத்துக்கொள்ளலாம்.

அயுத்தயா 1350 முதல் 417 ஆண்டுகள் தலைநகராக இருந்த ஊர். அயோத்தியிலிருந்து வந்த பெயர். மூன்று ஆறுகள் சூழ்ந்த ஒரு தீவு. கோயில்கள் தீவின் நடுவிலும், ஆற்றுக்கு அக்கரையிலும் சிதறிக் கிடக்கின்றன. காலை 8 மணிக்குத் தொடங்கி 11-க்கு முடியுங்கள், மறுபடி 3 மணிக்கு மேல் கிளம்புங்கள். ஜனவரியில் காலை இதமாக இருக்கும் என்றாலும் மதிய வெயிலுக்கு நிழல் கிடைக்காது.

முதல் காலையில் மஹாதாத் கோயிலும், பக்கத்திலிருக்கும் ஃப்ரா ஸ்ரீ சன்பெட்டும் போதும். இரண்டுமே சமதரை. மஹாதாத்தில்தான் மரத்தின் வேர்கள் சுற்றி வளைத்த புத்தர் தலை இருக்கிறது. அதோடு படம் எடுப்பவர்கள் அந்தத் தலையைவிடத் தாழ்வாகக் குந்தியோ உட்கார்ந்தோதான் எடுக்க வேண்டும். அம்மாவால் குந்த முடியாது என்றால் சற்று விலகி நின்று கும்பிட்டுவிட்டு வரட்டும். ஃப்ரா ஸ்ரீ சன்பெட் அரண்மனை வளாகத்துக் கோயில். அங்கே 16 மீட்டர் உயரமுள்ள, தங்கத் தகடு போர்த்திய நின்ற கோலப் புத்தர் இருந்தது. 1767-ல் தங்கத்தை உருக்கி எடுக்க அதை எரித்தார்கள். இப்போது இருப்பது மூன்று ஸ்தூபிகள். மாலையில் அவற்றின் நிழல் நீளும்போது அங்கே உட்கார்ந்திருப்பதே போதும் என்று எனக்குத் தோன்றும்.

அம்மா தவறவிடக் கூடாத கோயில் பனன் சேங். ஊர் உருவாவதற்கு 26 ஆண்டு முன்பே, 1324-ல் நிறுவிய புத்தர், 19 மீட்டர் உயரம், அமர்ந்த கோலம். பக்தர்கள் கொடுக்கும் காவித் துணியைச் சிலையின் மடியில் நிற்கும் ஆட்கள் மேலே இழுத்துப் போர்த்துவார்கள். மறுமுனை கீழே அமர்ந்திருப்பவர்கள் தலைமேல் விழும். நம்மூரில் பரிவட்டம் கட்டிக்கொண்ட மாதிரி ஒரு நிறைவு வரும். ராட்சபுரணா கோயில் கோபுரத்தின் செங்குத்தான படிகளில் அம்மாவை ஏற்றாதீர்கள். அங்கே நிலவறையில் இருந்த தங்கத்தை 1957-ல் கொள்ளையடித்தது போக மிஞ்சியவை சாவ் சாம் ஃபிரயா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அப்பாவும் அம்மாவும் அங்கே போகட்டும், படியேறும் ஆசை உங்களுக்கும் கணவருக்கும். ஒரு மாலை தீவைச் சுற்றி வரும் படகு. பனன் சேங்கிலும், 1630-ல் பிரசாத் தோங் மன்னர் கட்டிய சாய்வத்தனாராம் கோயிலிலும் நிறுத்துவார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஊருக்குள் சுற்ற தவளை முகம் மாதிரி முன்பக்கம் கொண்ட ஆட்டோக்கள் உண்டு. மணிக் கணக்கில் பேசுங்கள், எத்தனை மணி நேரம், எத்தனை பேருக்கு என்று காகிதத்தில் எழுதிக் காட்டி ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள், பணத்தைக் கடைசியில் கொடுங்கள். பாங்காக்கில் அரண்மனைக்கோ வாட் ஃபோ கோயிலுக்கோ போகும் வழியில் நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, ‘இன்று கோயில் மூடியிருக்கிறது, வேறு கோயிலுக்கு இருபது பாட் (தாய்லாந்து நாணயம்) வாங்கிக்கொண்டு கூட்டிப்போக ஆட்டோ இருக்கிறது’ என்பார். நடையைக் கட்டுங்கள், பதிலே சொல்ல வேண்டாம். கோயில் மூடியிருக்கிறதா என்பதைக் கோயில் வாசலில் நின்று தெரிந்துகொண்டால் போதும். மூடியிருக்கிறது என்று நம்பியவர்கள் போய்ச் சேர்வது மறுபடி ரத்தினக் கடைதான். யானைச் சவாரிக்குக் கூப்பிடுவார்கள், அதற்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

உடை பற்றி உங்களுக்குக் கவலையே வேண்டாம். தோளும் முழங்காலும் மறைந்தால் சரி, புடவையும் வேட்டியும் தாராளமாகப் பொருந்தும். வழிபாட்டுக் கோயிலில் செருப்பைக் கழற்றுங்கள். பெண்கள் பிக்குவைத் தொடக் கூடாது. எதையாவது கொடுப்பதென்றால் அவர் விரிக்கும் துணியில் வையுங்கள். தலையில்லாத சிலைகளுக்குப் பின்னால் நின்று தன் தலையை அங்கே பொருத்திப் படம் எடுப்பவர்களைப் பார்ப்பீர்கள். பார்க்கவே மனசு கூசும். அந்தத் தலைகளில் பல பிற்காலத்தில் திருடி விற்கப்பட்டவை. அதனால்தான் புத்தர் சிலையை நாட்டை விட்டு எடுத்துப்போக நுண்கலைத் துறை அனுமதி வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் ‘ஒன்றும் ஆகாது’ என்பார். அவர் கடையில் இருப்பார், சுங்கத்தில் நிற்பது நீங்கள்.

சாப்பாடு. ‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் கறித்துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு மீன் சாற்றில் வதக்கித் தருவார்கள், அவர்களுக்கு அது தப்பாகத் தெரியாது. ‘ஜே’ என்று கேளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து பறக்கும் கடைகள் அவை. மீன் சாறு, இறால் விழுது, முட்டை எதுவும் இருக்காது, வெங்காயம் பூண்டு கூடக் கிடையாது. சில நேரம் அந்தக் கடைகள் மதியத்தோடு முடிந்துவிடும் என்பதால் இரவுக்கு அம்மா புளிக்காய்ச்சலும் அவலும் கொண்டுபோகட்டும். இனிப்புக்கு, மெல்லிய ரொட்டிக்குள் பஞ்சுமிட்டாய் நூலைச் சுருட்டித் தரும் ரோட்டி சாய் மாய் அந்த ஊரின் பலகாரம். சாலையோரத்தில் வரிசையாகக் கடைகள் இருக்கும், பச்சையும் இளஞ்சிவப்புமாக.

இனி ஏஜென்ட்டிடம் போகும்போது ஒரே ஒரு காகிதம் கேளுங்கள்: 18,000 ரூபாயில் எந்தத் தொகை எந்த அரசு அலுவலகத்துக்குப் போகிறது, அதற்கு ரசீது உண்டா என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.