60 செ.மீ. டிஷ்ஷை 120 ஆக்கினால் மழையிலும் படம் நிற்குமா?

பெங்களூரில் சாயங்கால மழை பிடித்தாலே ஃப்ரீ டிஷ் படம் போய்விடுகிறது, பெரிய டிஷ் போட்டால் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பலன் உண்டு, ஆனால் ஸ்டாண்டு உறுதியாக இருந்தால்தான். கடையில் எல்லோரும் டிஷ் அளவைப் பற்றியே பேசுவார்கள், ஸ்டாண்டைப் பற்றி வாயே திறக்கமாட்டார்கள். அதனால் கொஞ்சம் கணக்கோடு சொல்கிறேன்.

டிஷ்ஷின் பரப்பு கூடக்கூட கெயினும், அதாவது சிக்னலைத் திரட்டிப் பிடிக்கும் வலுவும், கூடும். விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, அதாவது 6 டிபி (டெசிபல், சிக்னல் எத்தனை மடங்கு என்று சொல்லும் அளவு) கூடுதல். டிஷ் டிவி சிக்னல் வரும் கேயு பேண்ட் அலைவரிசையில் 12 கிகாஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொண்டால் அலைநீளம் 2.5 செ.மீ., டிஷ்ஷின் திறன் 60 சதவீதம் என்று வைத்தால் 60 செ.மீ. டிஷ்ஷுக்கு 35.3 டிபி, 90-க்கு 38.9, 120-க்கு 41.3 வரும். மழை 3 டிபி தின்றால் சிக்னலில் பாதி போச்சு என்று அர்த்தம், ஆக 90-க்கு மாறுவதே பெரிய விஷயம். (மழை இரைச்சலையும், அதாவது சிக்னலோடு கலக்கும் வேண்டாத அலைகளையும், கூட்டும், அதனால் முழுதாக ஈடாகாது.)

இப்போது பீம் அகலம், அதாவது டிஷ் எவ்வளவு கோணத்துக்குள் வரும் சிக்னலை நன்றாகப் பிடிக்கும் என்பது. 70-ஐ அலைநீளத்தால் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் தோராயமாக டிகிரியில் கிடைக்கும்: 60-க்கு 2.9, 90-க்கு 1.9, 120-க்கு 1.5. கெயின் ஏற ஏற பீம் ஒடுங்கும், ஒன்றை விட்டு ஒன்று வராது.

இதனால் என்ன ஆகும் என்றால், டிஷ் சாட்டிலைட்டை விட்டு 1 டிகிரி விலகினால் 60 செ.மீ. டிஷ் 1.4 டிபிதான் இழக்கும், 90 செ.மீ. 3 டிபிக்கு மேல் இழக்கும், 120 செ.மீ. 5.6 இழந்து 90-க்குச் சமமாக வந்து நிற்கும். ஒன்றரை டிகிரி விலகினால் 90 செ.மீ. டிஷ்ஷே பழைய 60-ஐவிட மோசம்! 1 டிகிரி என்பது எவ்வளவு தெரியுமா? 90 செ.மீ. டிஷ்ஷில் எதிர் விளிம்பை அசைக்காமல் ஒரு விளிம்பை மட்டும் ஒன்றரை செ.மீ. தள்ளினால் போதும். ஒல்லிக் குழாயில் நின்றால் மொட்டை மாடிக் காற்றே அந்த வேலையைச் செய்துவிடும், ஏனென்றால் அதே பரப்பில்தான் காற்றும் மோதுகிறது, 120 செ.மீ. மீது 60-ஐப் போல நான்கு மடங்கு.

நம்ம ஊருக்கு வெளியே பையாலலுவில் இஸ்ரோவின் 32 மீட்டர் ஆண்டெனா இருக்கிறது. 8.4 கிகாஹெர்ட்ஸில் இதே சூத்திரத்தைப் போட்டால் பீம் 0.08 டிகிரிதான் வரும், நிலாவின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு. அத்தனை பெரிய இரும்பை மோட்டார் வைத்து நுணுக்கமாகத் திருப்புவது அதற்காகத்தான்.

உங்களுக்கு என் யோசனை 90 செ.மீ. மிச்சக் காசில் தடித்த குழாய் வாங்கி, கைப்பிடிச் சுவரில் மாட்டாமல் கான்கிரீட் தளத்திலேயே போல்ட் அடியுங்கள். ஃப்ரீ டிஷ் சிக்னலை அனுப்பும் ஜிசாட்-15 சாட்டிலைட் நமக்குத் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து 66 டிகிரி உயரத்தில் இருக்கிறது. சிக்னல் அளவு காட்டும் மீட்டரைப் பார்த்துத் திருப்பி, நட்டை இறுக்கிய பிறகு இன்னொரு முறையும் பாருங்கள், இறுக்கும்போதுதான் பெரும்பாலும் நகரும். அப்புறம், நெளிந்த பழைய டிஷ் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள், பரப்பு முழுக்க சராசரியாக 1.5 மி.மீ. மேடுபள்ளம் இருந்தாலே 2.5 டிபி போய்விடும்.